ஊதும் கிரவுன், உறுமும் பேரிங்

பத்துப் பதினைந்து வருடம் காய்கறி மூட்டை சுமந்த பிக்கப் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரும் டிரைவர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்: “அண்ணே, பின்னாடி என்னமோ ஊதுது.” சொல்லும்போதே கை வலதுபக்கப் பின்சக்கரத்தைக் காட்டும். அவசரக்கார மெக்கானிக் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை மாற்றிக் கொடுத்துவிடுவார். மறுநாள் அதே ஊதலோடு வண்டி வாசலில் நிற்கும். விவரமான மெக்கானிக் கை காட்டும் திசையைக் கண்டுகொள்ளவே மாட்டார். “மிதிச்சா ஊதுதா, காலை எடுத்தா ஊதுதா? லோடோடயா, காலி வண்டியிலயா? எந்த ஸ்பீடுல தொடங்குது தம்பி?” என்று கேட்டுக்கொண்டே போவார். அத்தனை கேள்வியிலும் ‘எங்கே’ என்ற சொல் வராது.

அதற்குக் காரணம் இருக்கிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும்; எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். பின் ஆக்ஸில் ஹவுசிங்கில் பிறக்கும் சத்தம் ஸ்பிரிங் பட்டைகள் வழியாகச் சேஸிஸில் ஏறி, கேபினின் தரைத்தகட்டை அதிரவைக்கிறது. நம் காதுக்கு வருவது அந்தத் தகட்டின் சத்தம். இரண்டு காதுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்திலும் உரப்பிலும் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையை ஊகிக்கிறது. ஒரு மீட்டருக்கு மேல் அலைநீளமுள்ள தாழ்ந்த ஒலி, சின்னக் கேபினுக்குள் நாலாபக்கமும் எதிரொலித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஊகம் பலிப்பதில்லை. முன்சக்கரத்துச் சத்தம் பின்னாலிருந்து வருவதாகத் தோன்றுவதில் டிரைவரின் தப்பு ஒன்றுமில்லை.

ஆனால் சத்தம் நொடிக்கு எத்தனை முறை வருகிறது என்பதில் இந்தக் குழப்பம் கிடையாது. வண்டிக்கு அடியில் சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக ஒரு வேகம் உண்டு. அதில் எங்கே பழுது விழுந்தாலும், அந்த வேகத்துக்கு இத்தனை என்ற கணக்கில்தான் சத்தம் போடமுடியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 215/75 ஆர்15 அளவு டயர் என்று வைத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீட்டர். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 16.7 மீட்டர், ஆக, சக்கரம் நொடிக்கு ஏழரைச் சுற்று சுற்றும். பின் ஹவுசிங்கில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு 41 பல், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்கு 10 பல் என்றால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் கியர் பாக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றியாகவேண்டும். அதாவது நொடிக்குச் சுமார் 31. பினியன் பல்லும் கிரவுன் பல்லும் நொடிக்குச் சுமார் 310 முறை ஒன்றையொன்று தொடும். ஒரே வண்டி, ஒரே வேகம்; ஆனால் கோணிய டயர் நொடிக்கு ஏழெட்டு முறை உதறும், ஷாஃப்டின் கோளாறு 31 அல்லது அதன் இரட்டிப்பில் அதிரும், கிரவுன் 310 ஹெர்ட்ஸில் ஊதும். முதலாவதை உடம்பு குலுக்கலாக உணரும், இரண்டாவது உறுமல், மூன்றாவதுதான் சுருதியுள்ள ஊதல். ‘ஊதுது’ என்று ஒரு டிரைவர் சொன்ன மாத்திரத்தில் டயரும் ஷாஃப்டும் சந்தேகப் பட்டியலில் கீழே இறங்கிவிடும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. ஐந்து கியர் உள்ள பின்சக்கர இழுவை வண்டிகளில் பெரும்பாலும் நான்காவது கியர்தான் நேரடிக் கியர். இன்ஜினும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. ஷாஃப்டின் முனையில் மூட்டாக இருக்கும் கிராஸும், பின்னால் வரப்போகும் காரணத்தால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறைதான் உதறும். ஆகவே 60 கிலோமீட்டரில் நான்காவது கியரில் போகும்போது இன்ஜினின் உறுமலும் கிராஸின் உறுமலும் இரண்டுமே நொடிக்கு 62. எப்பேர்ப்பட்ட காதாலும் பிரிக்கமுடியாது. அதே வேகத்தில் ஐந்தாவதுக்குப் போட்டால் இன்ஜின் நொடிக்கு ஐம்பது வெடிப்புக்கு இறங்கிவிடும், கிராஸ் 62-ஐ விட்டு நகராது. சாலையில் ஓட்டிப் பார்ப்பதற்கு நான்காவது கியர் உதவாது என்று பழைய ஆட்கள் சொல்வதற்கு இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் சும்மா ஒரு ரவுண்டு போய்வருவது என்று பொருளல்ல. வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ஆக்சிலேட்டரை ஏற்றிப் பார்க்கவேண்டும். சத்தம் அப்போதே இருந்தால் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. சத்தம் இல்லையென்றால் சாலைக்குப் போய், ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றவேண்டும். சுருதி மாறவில்லை என்றால் குற்றவாளி கியர் பாக்ஸுக்குப் பின்னால். அடுத்து கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடவேண்டும். சத்தம் துளியும் குறையாமல் தொடர்ந்தால் சக்கரம், டயர், வீல் பேரிங். சட்டென்று அடங்கிப்போனால் இழுவையைச் சுமக்கும் பல் எங்கோ தேய்ந்திருக்கிறது. ஒரு ஸ்பேனரையும் தொடாமல் சந்தேகம் பாதிக்கு மேல் கழிந்துவிடும்.

வேகமாகப் போகும்போது காது எண்ணாது. அதனால் ‘டிக் டிக்’ என்று வரும் சத்தத்துக்கு நடை வேகம்தான் சரி. டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஒருவர் வண்டியோடு நடக்கவேண்டும், இன்னொருவர் முதல் கியரில் மெதுவாக உருட்டவேண்டும். கோடு ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் ஒரே ஒரு ‘டிக்’ என்றால் பழுது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றில்: டயர், பிரேக் டிரம், ஆக்ஸில், அல்லது கிரவுனில் உடைந்த பல். ஒரு சுற்றுக்குள் நாலு ‘டிக்’கும் கொஞ்சமும் என்றால் அது ஷாஃப்ட் வேகம், பினியன் பல்லையோ கிராஸையோ பார்க்கவேண்டும். வண்டியின் பல் விகிதம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. நியூட்ரலில் நேர்ப்பாதையில் தள்ளி, டயர் ஒரு சுற்று சுற்றும்போது ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று குனிந்து எண்ணிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் முன்னால் டயர் பட்டனுக்குள் ஜல்லிக்கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது மரியாதை. சக்கரத்துக்கு ஒன்று என்று ஒழுங்காகத் தட்டும் கல், உடைந்த கிரவுன் பல்லைப் போலவே பேசும்.

கிரவுன் ஏன் ஊதுகிறது? பற்கள் அச்சுப் பிசகாமல் இருந்தால் பினியன் சீராகச் சுற்றும்போது கிரவுனும் சீராகச் சுற்றும். தேய்ந்த பல் தன் முறை வரும்போது சில மைக்ரான் முந்தியோ பிந்தியோ தொடும். நொடிக்கு 310 முறை நடக்கும் இந்தச் சின்ன முந்தல் பிந்தல் ஹவுசிங்கைத் தட்டித் தட்டி ஒரு சுரமாகிவிடும். வேகம் கூடினால் சுரம் ஏறும், குறைந்தால் இறங்கும். ‘அம்பத்தஞ்சுல ஊதுது, அறுபத்தஞ்சுல காணோம்’ என்பார்கள் சிலர். பல் அந்த இடைவெளியில் குணமாகிவிடவில்லை. அந்தச் சுரம் ஷாஃப்ட் குழாயின் அல்லது கேபின் தகட்டின் இயல்பான அதிர்வெண்ணோடு பொருந்தும் வேகத்தில் மட்டும் பெரிதாகக் கேட்கிறது.

ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு முகம் சுமக்கும். காலை எடுத்ததும் சக்கரம் இன்ஜினைத் தள்ளத் தொடங்க, எதிர் முகம் சுமக்கும். எந்த முகத்தில் தேய்மானமோ, பினியன் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ, அந்த நிலையில்தான் ஊதும். இறக்கத்தில் காலை எடுத்ததும் ஊதினால் பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது வழக்கம். பினியன் முன்னும் பின்னும் ஆடுவதால் பற்கள் சரியான இடத்தில் பொருந்துவதில்லை. மெக்கானிக் கேட்ட அந்த முதல் கேள்வி, மிதித்தாலா எடுத்தாலா என்பது, இந்த இரண்டு முகத்தில் எது என்று பிரிக்கத்தான்.

பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஹைப்பாய்டு வகைப் பல். பினியனின் அச்சு கிரவுனின் நடுவுக்குச் சற்றுக் கீழே தள்ளியிருக்கும். 1926 வாக்கில் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் இது வந்தபோது முக்கியமான லாபம், ஷாஃப்ட் தாழ்ந்து கார்த் தரையும் தாழ்ந்தது. கூடவே சத்தமும் குறைந்தது. கொடுத்த விலை, பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருளுவதோடு நிற்காமல் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலுக்குச் சாதாரண எண்ணெய்ப் படலம் தாங்காது. அதனால்தான் ஜிஎல்-5 ரக எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. பல் உரசிச் சூடாகும் இடத்தில் அவை எஃகோடு வினைபுரிந்து ஒரு தியாகப் படலத்தை உண்டாக்கும். பல்லுக்குப் பதில் அது தேயும். டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்கவைக்கும் அந்த நாற்றம் கந்தகத்தினுடையது. அதே கந்தகம் கியர் பாக்ஸிலுள்ள பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால் அங்கே பல கம்பெனிகள் ஜிஎல்-4 சொல்கின்றன. ‘ரெண்டுக்கும் தொண்ணூறு ஆயில்தானே’ என்று ஒரே டின்னிலிருந்து ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்ணூறு என்பது கெட்டித்தன்மை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது வேறு சங்கதி.

கெட்டி எண்ணெய் ஊதலை அமுக்கும். விற்கப்போகும் வண்டியில் 140 ஆயில் ஊற்றுவது, இன்னும் துணிந்தவர்கள் மரத்தூளைக் கலப்பது, உலகம் முழுக்க உள்ள பழைய வண்டி வியாபாரத்தின் பரம்பரைத் தந்திரம். வாங்கப்போகிறவர் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி விரலைவிட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு வருவோம். என் பார்வையில் வண்டிக்கு அடியிலேயே சுவாரசியமான பாகம் அந்தக் கைப்பிடி அளவுக் கிராஸ்தான். ஹவுசிங் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும், கியர் பாக்ஸ் அசையாது. இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் வளைந்து கொடுக்கவேண்டும். கிராஸுள்ள இந்த மூட்டு அமைப்பை 1676-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் விவரித்தார். அவர் காலத்துக்கு அது வானியல் கருவிகளுக்கான சாதனம். அதன் குறும்பு ஒன்று உண்டு. உள்ளே வரும் ஷாஃப்ட் சீராகச் சுற்றினாலும், கோணத்தில் வெளியேறும் ஷாஃப்ட் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். கோணம் 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான். 10 டிகிரி என்றால் 1.5 சதவீதம். கோணம் மூன்று மடங்கைக் கொஞ்சம் தாண்டினால் உதறல் பத்து மடங்குக்கு மேல்.

மறுமுனையில் இன்னொரு கிராஸ் இருக்கிறதே, அது முதலாவது செய்ததைத் திருப்பிச் செய்து கணக்கை நேராக்கும். ஆனால் இரண்டு நிபந்தனை: இரு கோணமும் சமமாக இருக்கவேண்டும், ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். ஷாஃப்டைக் கழற்றும்போது வழுக்கும் ஸ்பிளைனில் பஞ்ச் கருவியால் ஒரு புள்ளி குத்தாமல் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும். கிராஸ் புதிது, பேரிங் புதிது, ஆனாலும் வண்டி 50-இல் உறுமும். சரக்குக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. அதிக லோடு தாங்கவேண்டும் என்று பின்னால் எக்ஸ்ட்ரா பட்டை போடுவார்கள். லோடு ஏற்றினால் எல்லாம் ஒழுங்கு. திரும்பி வரும்போது காலி வண்டியின் பின்பகுதி தூக்கிக்கொண்டு நிற்க, கிராஸின் கோணம் கூடி, வழியெல்லாம் ஸ்டியரிங் வரை அதிர்வு வரும். ‘லோடு இருந்தா நல்லாப் போகுது, காலியாப் போனாத்தான் உதறுது’ என்றால் பட்டைகளை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கிராஸ் சாகும் விதத்தையும் சொல்லவேண்டும். அதன் நாலு கொம்பிலும் தொப்பி போன்ற கிண்ணம், கிண்ணத்துக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். இந்த ஊசிகள் முழுச்சுற்று சுற்றுவதே இல்லை. சில டிகிரிக்குள் முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஆடும் அதே இடத்தில் கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிட்டால் திரும்பி வர வழியில்லை. கோணமே இல்லாமல் நேர்கோட்டில் ஷாஃப்ட் நின்றால் ஊசி அசையவே அசையாது, அது இன்னும் கெடுதல். கிரீஸ் வற்றிய கொம்பில் ஊசிகள் வரிவரியாகப் பள்ளம் பதிக்கும். உரசலில் கழன்ற இரும்புத் துகள் காற்றோடு சேர்ந்து துருவாகும். கிண்ணத்தின் விளிம்பில் குங்குமம் கொட்டிய மாதிரி செந்தூள் படிந்திருந்தால் கையால் ஆட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை, அந்தக் கிராஸ் முடிந்தது. முதல் அறிகுறி வண்டி கிளம்பும்போது மெதுவான வேகத்தில் குருவி கத்துவது மாதிரி ‘கீச் கீச்’. டிரைவர்கள் இதை ஸ்பிரிங் சத்தம் என்று விட்டுவிடுவார்கள். கிரீஸ் அடிக்கும்போது நாலு கிண்ணத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கவேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் நாளைக்குக் கத்தப்போவது.

பேரிங்கின் கதை வேறு. உருளை ஓடுபாதையைத் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே அழுத்தம் பிரம்மாண்டம். இந்த அழுத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜெர்மனியின் ஹென்ரிக் ஹெர்ட்ஸ், 1881-இல். ரேடியோ அலைகளைக் கண்டறிந்து, அதிர்வெண்ணின் அலகுக்கே பெயர் தந்த அதே ஹெர்ட்ஸ். உலோகத்தை அறுக்கும் வெட்டுவிசை, மேற்பரப்பில் அல்லாமல் அதற்குச் சற்றுக் கீழேதான் உச்சம் தொடுகிறது. எண்ணெய் சுத்தமாக இருந்தால் விரிசல் உள்ளிருந்து தொடங்கி மேலே வரும், ஒருநாள் செதிலாகப் பெயரும். அதன்பின் ஒவ்வொரு உருளையும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும். அதுதான் பேரிங்கின் உறுமல். 1947-இல் ஸ்வீடனின் லுண்ட்பெர்க்கும் பாம்கிரெனும் வெளியிட்ட கோட்பாட்டிலிருந்து வளர்ந்த கணக்குப்படி, உருளை பேரிங்கின் மேல் பாரம் இருமடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகிறது. ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் ஏற்றுபவர் மிச்சம் பிடிக்கும் வாடகையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம்.

வீல் பேரிங்கா டயரா என்பதைப் பிரிக்க, ஆளில்லாத சாலையில் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் வளைத்தால் போதும். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். உறுமல் அப்போது கூடினால் இடப்பக்கப் பேரிங்தான் முதல் சந்தேகம். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட்டில் ஏறியதும் சத்தத்தின் குணமே மாறினால் டயர். கியர் பாக்ஸ் பக்கம் இன்னும் எளிது. நியூட்ரலில் நிற்கும்போது வரும் கொரகொரப்பு கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்கவேண்டும். மாறாக மிதித்தால்தான் வருகிறதென்றால் கிளட்ச் பேரிங். மற்றக் கியர்களில் எல்லாம் முனகி, நான்காவதில் மட்டும் அடங்கினால் கவுண்டர் ஷாஃப்ட். நேரடிக் கியரில் அது சுற்றும், ஆனால் சுமக்காது.

முன்னே போய்விட்டு ரிவர்ஸ் போட்டதும் ‘டொக்’ என்று ஓர் அடி கேட்கிறதே, அது தனியொரு பாகத்தின் குற்றமாக இருக்கவேண்டும் என்பதில்லை. கிராஸில் கொஞ்சம், ஸ்பிளைனில் கொஞ்சம், கிரவுன் பினியன் இடைவெளியில் கொஞ்சம், உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன்களில் கொஞ்சம் என்று எல்லாத் தளர்வும் சேர்ந்து ஒரே நொடியில் முட்டுவது. பத்து வருட வண்டியில் கொஞ்சம் ‘டொக்’ இருக்கத்தான் செய்யும். நேற்றில்லாமல் இன்றைக்கு வந்த ‘டொக்’தான் கவலை.

பாகத்தைப் பிரிக்கும் முன் ஹவுசிங் ஆயிலை வடிப்பது நல்லது. டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். ஒரு பக்கம் பளபளத்து மறுபக்கம் கரடாக உள்ள செதில் கிடைத்தால், அது பேரிங் ஓடுபாதையின் தோல். மூலையுள்ள துண்டு வந்தால் பல். கியர் பாக்ஸ் ஆயிலில் மஞ்சள் மினுமினுப்புத் தெரிந்தால் சிங்க்ரோ வளையம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பதால் எண்ணெயை வெயிலில் சாய்த்துப் பார்க்கவேண்டும்.

பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு அடியில் படுத்துக் கேட்பவர்கள் உண்டு. ஒரு சக்கரம் தரையிலும் ஒன்று காற்றிலும் இருந்தால், தூக்கிய சக்கரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். தரையில் இருப்பது பிடித்தால் வண்டி ஜாக்கியை விட்டுப் பாயும். இரண்டு சக்கரத்தையும் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்துக்குக் கல் கொடுக்காமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதில் பட்டறைகளில் ஒரு ஒழுங்கு உண்டு. ஊதும் கிரவுன், எண்ணெய் குறையாமல் இருந்தால், மாதக்கணக்கில் ஊதிக்கொண்டே ஓடும். உறுமும் வீல் பேரிங்குக்கு அந்த அவகாசம் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். கத்தும் கிராஸ்தான் அன்றைக்கே கவனிக்கவேண்டியது. முன்முனைக் கிராஸ் ஓட்டத்தில் உடைந்தால் ஷாஃப்டின் தலை சாலையில் விழும்; குழியில் ஊன்றிக்கொண்டால் வண்டியின் பின்பகுதியையே தூக்கிவிடும். அதற்காகத்தான் சில வண்டிகளில் ஷாஃப்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் வைத்திருப்பார்கள். பழைய வண்டியென்றால் குனிந்து பார்த்துக்கொள்ளவேண்டும். ஏதோ ஒரு வேலைக்காக எப்போதோ கழற்றியதை யாரும் திருப்பி மாட்டியிருக்கமாட்டார்கள்.